வயிற்று எரிச்சலுக்கு மூலிகை: எது ஆற்றும், எதை ஆற்றாது

பினாங்கு லிட்டில் இந்தியாவில் லெபோ பசார், லெபோ குயின் பக்கமுள்ள ஒரு மளிகைக் கடையில் நின்று "கேஸ்ட்ரிக்குக்கு என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அதிமதுரக் குச்சி, மணத்தக்காளி வற்றல், வெந்தயம், சீரகம், சுக்கு என்று எடுத்து வைப்பார்கள். பக்கத்தில் சாமான் வாங்கிக்கொண்டிருக்கும் அம்மா ஒருவர் சோற்றுக்கற்றாழையையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவார். இவற்றில் பலவற்றுக்கு உண்மையாகவே குணம் உண்டு. ஆனால் எரிச்சல் எதனால் வந்தது, எத்தனை நாளாக இருக்கிறது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. மூலிகை உதவுமா உதவாதா என்பதை முடிவு செய்வது அந்த மூன்று கேள்விகள்தான்.

முதலில் வயிற்றுக்குள் நடப்பதைப் பார்ப்போம். இரைப்பை ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் நீர் சுரக்கிறது. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதத்தை உடைக்கும் பெப்சினும் இருக்கின்றன. இறைச்சியையே கரைக்கும் இந்த நீர் இரைப்பையின் சொந்தச் சுவரைக் கரைக்காமல் இருப்பதற்குக் காரணம், உட்சுவர் முழுவதும் படிந்திருக்கும் சளிப்படலம். பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசியிருக்கும் வரை புளிக்குழம்பு அதை ஒன்றும் செய்வதில்லை. பூச்சு தேய்ந்த இடத்தில் களிம்பு ஏறிவிடும். இரைப்பையிலும் அப்படித்தான். படலம் மெலிந்த இடத்தில் அமிலம் நேரடியாகச் சுவரைத் தொடுகிறது, அங்கே சிவந்து வீங்குகிறது. இதுவே இரைப்பை அழற்சி. இன்னும் ஆழமாக அரித்துக் குழி விழுந்தால் அது புண், நாம் அல்சர் என்று சொல்வது.

மேல் வயிற்றில் எரிச்சல், குமட்டல், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிட்ட உணர்வு, உப்புசம் ஆகியவை இதன் வழக்கமான அறிகுறிகள். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. எதிர்ப்பக்கமும் உண்டு: வயிறு எரிகிற எல்லோருக்கும் அழற்சி இருப்பதில்லை. உட்சுவர் சுத்தமாக இருந்தும் செரிமானக் கோளாறால் எரிவது உண்டு. அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுடுவதும் உண்டு. குழாய் விட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் உறுதியாகத் தெரியும்.

படலத்தை எது கெடுக்கிறது?

நம்மில் பலர் மிளகாயையும் பசியோடு குடித்த கோப்பி ஓவையும் குற்றம் சொல்வோம். ஏற்கெனவே புண்ணான வயிற்றை அவை சீண்டும், அது உண்மை. ஆனால் அழற்சியைத் தொடங்கிவைப்பவை பெரும்பாலும் அவை அல்ல. முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று கிருமி, மற்றது வலிமாத்திரை.

கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழ முடியாது என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1980களின் தொடக்கத்தில் அழற்சி கண்ட இரைப்பைகளில் இதைக் கண்டுபிடித்தபோது பலர் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் தாமே அந்தக் கிருமிக் கரைசலைக் குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி வந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையே 1994இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் இந்தக் கிருமியைச் சேர்த்துவிட்டது. தொற்றியவர்களில் சிறு பங்கினருக்குத்தான் புற்றுநோய் வரும் என்றாலும் அலட்சியமாக விடக்கூடிய கிருமி அல்ல.

இதில் நமக்கென்று ஒரு செய்தி இருக்கிறது. மலேசியாவில் செய்யப்பட்ட ஆய்வுகள், மலாய்க்காரர்களிடம் இந்தத் தொற்று மிகக் குறைவாகவும், இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகமாகவும் இருப்பதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. அதனால் அப்பாவுக்கும் அத்தைக்கும் அல்சர் இருந்தது, எனக்கும் எரிகிறது என்று சொல்கிற ஒரு தமிழர், "எங்கள் குடும்ப வாகு" என்று விட்டுவிடாமல் இந்தக் கிருமி இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். சோதனை எளிது. ஒரு கரைசலைக் குடித்துவிட்டு ஒரு பைக்குள் ஊதுவது ஒரு முறை, மலத்தைச் சோதிப்பது இன்னொரு முறை.

பூண்டு, தேன், மஞ்சள் எல்லாம் ஆய்வகத் தட்டில் இந்தக் கிருமியை அடக்குகின்றன. ஆனால் மனித வயிற்றில் அது சளிப்படலத்துக்கு அடியில் பதுங்கி, தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தைத் தணித்துக்கொண்டு வாழ்கிறது. அங்கே போய் அதை முழுமையாக ஒழித்ததாக நிரூபிக்கப்பட்ட மூலிகை எதுவும் இல்லை. இரண்டுக்கும் மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்து, வழக்கமாக 14 நாள் தவறாமல் சாப்பிட்டால்தான் போகும். இந்த ஓர் இடத்தில் நான் யாருக்கும் மூலிகையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது வலிமாத்திரை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம் (பொன்ஸ்டான் என்று நாம் வாங்குவது), ஆஸ்பிரின் ஆகியவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையில் சளிப்படலத்தைப் பராமரிக்கிறது. அது குறைந்தால் படலமும் மெலிகிறது. சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் ஆகாது என்பது பாதி உண்மைதான். சாப்பாடு உடனடி எரிச்சலைக் குறைக்கும்; ஆனால் மருந்து இரத்தத்தின் வழியாகவும் இரைப்பைக்கு வந்து சேர்வதால் ஆபத்து நீங்காது. ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான். மாதவிடாய் வலிக்கு வெறும் வயிற்றில் பொன்ஸ்டான் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடும் பெண்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பனடோல் போன்ற பாராசிட்டமால், சொன்ன அளவில், வயிற்றுக்கு இந்தக் கெடுதலைச் செய்வதில்லை. ஆனால் இதயத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அவரிடம் பேசுங்கள்.

மதுவும் படலத்தை நேரடியாகச் சுடும். மலிவு விலை சம்சு குடிப்பவர்களின் வயிறு எந்தக் கஷாயத்துக்கும் ஆறாது, குடி நின்றால்தான் ஆறும். புகை, ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது.

அதிமதுரம்

சரி, மூலிகைக்கு வருவோம். அதிமதுரத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் வயிற்றுப் புண்ணுக்கு அதிகம் ஆராயப்பட்ட மூலிகைகளில் இது ஒன்று, ஆபத்து நன்றாகத் தெரிந்ததும் இதுதான். 1940களில் நெதர்லாந்து மருத்துவர் ஒருவர் அதிமதுரச் சாற்றைக் கொடுத்து வயிற்றுப் புண்கள் ஆறுவதைக் கண்டார். கூடவே சில நோயாளிகளுக்கு முகமும் காலும் வீங்குவதையும் கண்டார். 1960களில் பிரிட்டனில் அதிமதுரத்திலிருந்தே கார்பெனாக்ஸலோன் என்ற அல்சர் மருந்து தயாரானது. அதுவும் புண்ணை ஆற்றியது, அதுவும் இரத்த அழுத்தத்தை ஏற்றியது. 1970களில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் புதிய மாத்திரைகள் வந்ததும் அதன் காலம் முடிந்தது.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் என்ற சத்துதான் இரண்டையும் செய்கிறது. ஒரு பக்கம் சளிப்படலம் தடிக்க உதவுகிறது. மறுபக்கம், உடலில் உப்பையும் நீரையும் தங்கவைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. பொட்டாசியம் மிகவும் குறைந்தால் தசை சோர்ந்துபோகும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு கிளிசிரைசினை ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து எடுக்க வேண்டாம் என்கிறது. வேரில் அந்தச் சத்து எவ்வளவு என்பது சரக்குக்குச் சரக்கு மாறுவதால், ஒரு கிராம் தூளிலேயே இந்த எல்லையை நெருங்கிவிட முடியும். ஜெர்மனியின் மூலிகை நிபுணர் குழுவோ, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் 4 முதல் 6 வாரத்துக்கு மேல் அதிமதுரம் வேண்டாம் என்று சொன்னது.

எனவே இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் அதிமதுரத்தைத் தொட வேண்டாம். மற்றவர்கள் ஒரு சிறு துண்டு வேரை நசுக்கி, ஒரு குவளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு வாரம் வரை குடிக்கலாம். கிளிசிரைசினை நீக்கிய அதிமதுர மாத்திரைகளும் வருகின்றன. அவற்றில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

பினாங்கில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீன மருந்துக் கடைகளில் கம்சோ என்று விற்பதும் அதிமதுர இனம்தான். பல சீன மூலிகைத் தேநீர்களிலும், ஆசாம்போய் என்னும் உப்பிட்டு உலர்த்திய பிளம் பழ வகைகள் பலவற்றிலும் அது சேர்கிறது. காலையில் நம் கஷாயம், மதியம் ஆசாம்போய் போட்ட அம்ப்ரா ஜூஸ், மாலையில் சீன மூலிகைத் தேநீர் என்று போனால் ஒரே சத்து மூன்று வழியில் உள்ளே போகிறது.

மணத்தக்காளியும் மற்ற கீரையும்

மருந்தாக இல்லாமல் உணவாகச் சாப்பிட முடிவதால் எனக்கு மணத்தக்காளிமேல் தனிப் பிரியம். வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் சித்த மருத்துவம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கீரை இது. எலிகளில் நடந்த ஆய்வுகளில் இதன் சாறு அமிலச் சுரப்பைக் குறைத்துப் புண்ணை ஆற்றியிருக்கிறது. மனிதர்களிடம் அந்த அளவுக்கு உறுதியான சோதனைகள் இல்லை. ஆனாலும் பாசிப்பருப்போடு வேகவைத்து, காரம் போடாமல், இறக்கும்போது கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்ட மணத்தக்காளிக் கீரை, எரிகிற வயிற்றுக்கு இதமான சாப்பாடு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாப்பிடலாம். குருவி எச்சத்தில் விழுந்து வீட்டுக் கொல்லையில் தானாக முளைக்கும் செடி என்பதால், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டி உறுதிசெய்துகொண்டு பறியுங்கள். நன்றாகப் பழுத்த பழத்தை மட்டும் அப்படியே சாப்பிடலாம். பச்சைக் காயில் சோலனைன் என்ற நச்சு இருக்கிறது.

வற்றலை மட்டும் வயிற்றுப் புண்ணுக்கு மருந்தாக நினைக்காதீர்கள். உப்பில் ஊறி, எண்ணெயில் பொரிந்து வருவது அது. உப்பு அதிகமான உணவு இரைப்பைச் சுவருக்குக் கெடுதல், ஹெலிகோபேக்டர் இருந்தால் இன்னும் கெடுதல்.

பசாரில் மலாய்க்கார அக்காமார் கட்டுக்கட்டாக விற்கும் பெகாகா நம் வல்லாரையேதான். அவர்கள் உலாமாகப் பச்சையாகச் சாப்பிடுகிறார்கள். இதன் சாறு சளிப்படலத்தைப் பலப்படுத்துவதாக விலங்கு ஆய்வுகள் சொல்கின்றன. துவையலாகவோ உலாமாகவோ சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளலாம். கேப்சூலாக மாதக்கணக்கில் எடுத்தவர்கள் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது, அதனால் கீரையாகவே இருக்கட்டும்.

வெந்தயத்தின் குணம் வேறு மாதிரி. ஊறினால் வருகிற அந்த வழவழப்பான பசை சுவரின்மேல் கொஞ்ச நேரம் படிந்து அமிலம் படாமல் தடுக்கிறது. ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவில் ஊறவைத்துக் காலையில் அந்தத் தண்ணீரோடு சாப்பிட்டால் போதும். வெந்தயம் சர்க்கரையையும் இறக்கும். நீரிழிவு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டும். அதே பசை மாத்திரைகளையும் பிடித்துவைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். கர்ப்பிணிகளுக்குச் சமையலில் போடும் அளவு போதும்.

மஞ்சளைப் பற்றி நல்ல செய்தி ஒன்று தாய்லாந்திலிருந்து வந்தது. 2023இல் வெளியான ஆய்வில், செரிமானக் கோளாறால் அவதிப்பட்ட 206 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மஞ்சளின் குர்குமினும், ஒரு குழுவுக்கு ஒமெப்ரசோல் என்ற அமில மாத்திரையும், இன்னொன்றுக்கு இரண்டையும் 28 நாள் கொடுத்தார்கள். மூன்று குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு நிவாரணம் கிடைத்தது. ஆனால் அவர்களுக்கு இருந்தது செரிமானக் கோளாறு, அல்சர் அல்ல. கொடுத்தது ஒரு நாளைக்கு 2 கிராம் அளவுள்ள கேப்சூல். குழம்பில் போடும் மஞ்சள் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சப்படும் அளவைக் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாகவும் பதிவுகள் உண்டு. பித்தக்கல் உள்ளவர்களுக்கு இது ஆகாது.

இஞ்சி குமட்டலுக்கு நல்லது, உணவை இரைப்பையிலிருந்து வேகமாகத் தள்ளும். அதிகமானால் அதுவே நெஞ்சை எரிக்கும். சீரகத் தண்ணீரும் சோம்பும் உப்புசத்தைக் குறைக்கும், புண்ணை ஆற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புதினா குடலைத் தளர்த்தும், ஆனால் உணவுக்குழாயின் கீழ்வாயையும் தளர்த்துவதால் அமிலம் மேலேறுபவர்களுக்குத் தொல்லை கூடும். கற்றாழையில் தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பால் கடுமையான பேதி மருந்து. அதைச் சுத்தமாகக் கழுவாமல் ஜூஸ் அடித்துக் குடித்துவிட்டு வயிறு இன்னும் மோசமாகிவிட்டது என்பவர்கள் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கற்றாழை வேண்டவே வேண்டாம். பால் குடித்தால் எரிச்சல் உடனே அடங்கும், அப்புறம் அதே பால் அமிலத்தைச் சுரக்கவைக்கும்.

மூட்டு வலி ஜாமுவும் வயிற்றுப் புண்ணும்

இதை எல்லோரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மூட்டு வலிக்கு, இடுப்பு வலிக்கு என்று இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் ஜாமு, மாஜூன் என்ற மலாய் பாரம்பரிய மருந்துகள், மூலிகை மாத்திரைகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமருந்துகளையும் கலந்து விற்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஒரே நாளில் வலி பறந்துவிட்டது என்று பாட்டி மகிழ்ந்துபோவார். ஸ்டீராய்டும் வலிமருந்தும் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தக் கசிவு வரும் ஆபத்து பல மடங்கு. அவர் "மூலிகைதானே" என்று மருத்துவரிடம் சொல்லவும் மாட்டார். வயிறு எரிகிறதென்று நீங்கள் அதிமதுரம் காய்ச்சிக் கொடுப்பீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது புதிதாக வயிறு எரிந்தால், அலமாரியில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மலேசியாவில் பதிவு செய்யப்பட்ட மருந்தின்மேல் MAL என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் எண்ணும், பளபளக்கும் பாதுகாப்பு வில்லையும் இருக்கும். பாரம்பரிய மருந்தென்றால் அந்த எண்ணின் கடைசியில் ஆங்கில எழுத்து T இருக்கும். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிச் சரிபார்க்கலாம். எண் இல்லையென்றால் குப்பையில் போடுங்கள். பல மாதமாகச் சாப்பிட்டிருந்தால் மட்டும் திடீரென்று நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் உடல் மயங்கிச் சரியலாம், அதனால் டப்பாவோடு அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கடையில் மூலிகை வாங்கும்போதும் "ஐயா, பிரஷர் மாத்திரை போடுறேன், இது ஒத்துக்குமா?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

தார் போலக் கறுத்த மலம், இரத்த வாந்தி அல்லது கோப்பித் தூள் போன்ற வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, வெளிறிப்போய் மூச்சு வாங்குவது, 40 வயதுக்கு மேல் முதல் முறையாக வரும் தொடர் எரிச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கஷாயத்தைக் கீழே வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

மாரடைப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அது கேஸ் என்ற பெயரில்தான் வந்து நிற்கிறது. மேல் வயிற்றிலோ நெஞ்சிலோ அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, நடந்தால் கூடி நின்றால் குறையும் எரிச்சல் எல்லாம் இதயத்தின் அறிகுறிகள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் குமட்டலும் வயிற்று அசௌகரியமுமாகக்கூட வரும். ஓமத் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிக்கொண்டு காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாத சாதாரண எரிச்சலுக்கு இரண்டு வாரம் வீட்டு வைத்தியம் செய்து பார்ப்பதில் தவறில்லை. அந்த இரண்டு வாரமும் வலிமாத்திரையையும் மதுவையும் சிகரெட்டையும் தள்ளிவையுங்கள். வயிறு முட்டச் சாப்பிடாமல் அளவாகச் சாப்பிடுங்கள். இரவு பத்து மணிக்கு நாசி கண்டாரை முடித்துவிட்டு உடனே படுக்காதீர்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கட்டும். மூலிகையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். ஐந்தைக் கலந்து குடித்தால் எது கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரியாது.

இரண்டு வாரத்தில் குறையவில்லை, அல்லது குறைந்து திரும்ப வருகிறது என்றால் அரசாங்க கிளினிக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே ஒரு ரிங்கிட்தான். ஹெலிகோபேக்டர் சோதனை செய்ய வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். ஒமெப்ரசோல் போன்ற அமில மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பும், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் நான்கு வாரம் முன்பும் அவற்றை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். எதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்லட்டும். வீட்டில் குடிக்கும் கஷாயம், தூள், ஜாமு எல்லாவற்றின் உறையையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோய் அவரிடம் காட்டுங்கள்.